ஒரே யுத்தத்தில் அநாதையான இரு சபைகள்

நொய்யலின் நீரை வாங்கித் தேக்கிவைக்கும் பழங்குளம் ஒன்றைத் தன் அருகே கொண்டு, சோமனூருக்கும் காரணம்பேட்டைக்கும் இடையே அமைந்திருக்கும் சாமளாபுரம், வரைபடத்தில் ஒரு சிறு பேரூராட்சியே ஆயினும், கொங்கு நாட்டு ஜவுளித் தொழிலுக்கு நேரும் ஒவ்வொரு நெருக்கடியையும் முன்வரிசையில் நின்று அனுபவிக்கும் ஊர்களுள் ஒன்றாகும். இங்கே தறி வைத்திருப்போரில் பெரும்பாலோர் தாமே நூல் வாங்கித் தாமே துணி விற்பவர் அல்லர்; ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கும் பாவையும் ஊடை நூலையும் வாங்கி வந்து, மீட்டருக்கு இன்ன கூலி என்று பேசி நெய்து கொடுப்பவர்கள். பாவு வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டுமாய்ப் பன்னிரண்டு மணி நேரம் நாடாவின் இரைச்சலில் நின்று உழைக்கும் தொழிலாளியின் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் மளிகைக் கடைக் கணக்கும், வீட்டு வாடகையும், குழந்தையின் பள்ளிக் கட்டணமும் ஒரே வாரத்தில் கடனாக மாறும்.

சென்ற பத்தாண்டுகளில் இப்பிரதேசம் அடைந்த இன்னல்களை நினைத்துப் பார்த்தால், ஒன்று ஆறுவதற்குள் மற்றொன்று வந்திருப்பது தெரியும். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னபின், அக்கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம் தேடி வந்தபோது, 2017 ஏப்ரல் 11-ஆம் தேதி சாமளாபுரத்துப் பெண்கள் சாலையில் அமர்ந்து மறித்ததும், போலீஸ் தடியடி நடந்ததும், ஒரு பெண்ணின் கன்னத்தில் விழுந்த அறையை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்ததும் யாவரும் அறிந்தவை. 2020-இல் ஊரடங்கு வந்து, பனியன் கம்பெனிகள் அடைபட்டு, வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்ப ரயிலுக்குக் காத்துக் கிடந்தார்கள். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் ஏனைய ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு பேசி முடிக்கப்பட்டும் அது கைக்கு வந்து சேராமையால், 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் தறிகள் வாரக்கணக்கில் ஓய்ந்திருந்தன. 2025 மார்ச்சில் அதே கூலிப் பிரச்சினைக்காக மறுபடியும் நின்றன. அவ்வாண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா விதித்த ஐம்பது சதவீத இறக்குமதி வரி, பின்னலாடைத் தொழிலின் மிகப் பெரிய சந்தையிலேயே கை வைத்தது.

இத்தகைய காலத்தில் ஒரு திருச்சபை என்ன செய்யக் கூடும் என்பதே இக்கட்டுரையின் விசாரம். லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையோடு அச்சபையையே முன்னிட்டுப் பேசுகிறேன். கொங்கு நாட்டில் நாங்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். எனினும் புதியவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லைப்சிக் மிஷனார் தரங்கம்பாடி, மாயவரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் நிலையங்கள் அமைத்தபோது கோயம்புத்தூரும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. பிளேக் நோய் கோயம்புத்தூரைப் பன்முறை வாட்டி, ஜனங்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்து வேண்டிக்கொண்ட அந்தக் கொடிய காலத்தையும் இவ்வட்டாரத்துச் சபை கண்டிருக்கிறது.

கஷ்ட காலத்தில் ஊழியம் எத்தகையதாக இருக்கவேண்டும் என்ற கேள்வி லுத்தரன் மரபுக்கு ஆதியிலேயே வந்துவிட்டது. 1527-இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவி, சர்வகலாசாலையே வேறு ஊருக்குப் பெயர்ந்தபோது, லூதர் கர்ப்பிணியாயிருந்த தம் மனைவி காத்தரீனாளோடு அவ்வூரிலேயே தங்கித் தம் வீட்டை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார். கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர் கேட்டதற்கு அவர் எழுதிய நீண்ட மறுமொழியில், பிறரைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவன், அவன் போதகனாயினும் அதிகாரியாயினும் வீட்டு வேலைக்காரனாயினும், தன் இடத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்யாமல் அகலலாகாது என்று முடிவு கூறினார். அச்சப்படுவதை அவர் பாவமென்று சொல்லவில்லை. கவனிப்பாரற்று அயலானை விட்டுப் போவதையே குற்றமென்றார். தமிழ்நாட்டில் இந்தப் போதனைக்கு மிகச் சிறந்த உதாரணமாக நின்றவர் தஞ்சையில் ஊழியம் செய்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர். ஹைதர் அலியின் படையெடுப்பினால் 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சை நாடு பஞ்சத்தில் வீழ்ந்தபோது, முன்கூட்டியே நெல் வாங்கிச் சேமித்து வைத்திருந்த அவர் அதைப் பசித்தவர்களுக்குப் பங்கிட்டார். அரசாங்கத்தின் வாக்கை நம்பித் தானியம் கொண்டுவர மறுத்த குடியானவர்கள், விலை கிடைக்கும் என்று ஸ்வார்ட்ஸ் சொன்ன சொல்லை நம்பிக் கொண்டுவந்தார்கள் என்பது சரித்திரம். பஞ்ச காலத்தில் ஒரு மனிதனுடைய நாணயமே ஒரு நகரத்தின் உணவாயிற்று.

ஆயினும் மகான்களின் கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் சபைக்கு நெடுநாளைய பலவீனம். முதல் லுத்தரன் மிஷனரிகளாகிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் கரையிறங்கியதை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பெருமையோடு காட்டுகிறோம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் துன்பக் காலத்து ஊழியத்தைப் பற்றி நாம் கற்றுக்கொள்ளவேண்டிய மெய்யான பாடம், அவ்வளவாக யாரும் கொண்டாடாத மற்றோர் ஐந்தாண்டில் இருக்கிறது என்பது என் துணிபு. 1914 முதல் 1919 வரையுள்ள காலமே அது.

முதல் உலக யுத்தம் மூண்டு, 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியபின், ஜெர்மானியர் யாவரும் பகைவர் என்று கருதப்பட்டனர். லைப்சிக் மிஷனரிகள் தத்தம் நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களிற் பலர் அகமதுநகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டு, பின் 1915-இலும் 1916-இலும் கோல்கொண்டா என்னும் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பாவிலிருந்து வரும் பணத்தையும் ஆட்களையும் உத்தரவையும் எதிர்பார்த்துப் பழகிய ஒரு ஜனத்துக்கு அது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பதை இன்று ஊகித்தறிவது எளிதன்று. பள்ளி ஆசிரியரின் சம்பளமும், உபதேசியாரின் படியும், விடுதிப் பிள்ளைகளின் சோறும் யாருடைய கையொப்பத்தால் வந்துகொண்டிருந்தனவோ, அவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். முன்னரே லைப்சிக் மிஷனோடு இணைந்து உழைத்துவந்த ஸ்வீடன் திருச்சபையார் அப்பாரத்தை ஏற்க முன்வந்தார்கள் என்பதும், அவர்கள் இல்லையேல் பல ஸ்தாபனங்கள் மூடியிருக்கும் என்பதும் நன்றியோடு சொல்லத்தக்கவை. எனினும் ஒரு சிலராகிய ஸ்வீடியர் காவிரிக் கரையிலிருந்து நொய்யல் கரை வரை பரந்த சபைகள் எல்லாவற்றுக்கும் ஞாயிறுதோறும் போய் நிற்க முடியுமா? கிராமங்களில் ஆராதனை நடத்தியவரும், ஞானோபதேசம் கற்பித்தவரும், இறந்தவரை அடக்கம் பண்ணியவரும் தமிழ்க் குருமார்களும் உபதேசியார்களும் ஆசிரியர்களுமே. 1919 ஜனவரி 14-ஆம் தேதி தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரோடு ஒரு சுதந்திரத் திருச்சபை ஸ்தாபிதமாயிற்று என்றால், அதற்கு முன்பே அவர்கள் அதைத் தம் கால்களால் நடந்து ஸ்தாபித்துவிட்டிருந்தார்கள் என்றே கொள்ளவேண்டும்.

இந்தக் கதைக்கு ஓர் இரட்டைக் கதை உண்டு. அதைத் தமிழ் லுத்தரன்களில் பெரும்பாலோர் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஞ்சி நகருக்கு, பெர்லின் போதகராகிய கோஸ்னர் அனுப்பிய நான்கு மிஷனரிகள் 1845 நவம்பர் 2-ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். ஐந்தாண்டுகள் ஒருவரும் செவிகொடுக்கவில்லை; 1850-இலேதான் ஓராவோன் குலத்தார் நால்வர் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றனர். பிற்பாடு ஓராவோன், முண்டா முதலிய ஆதிவாசி ஜனங்களிடையே அச்சபை பெருகியது. ஓராவோன்கள் பேசும் குடுக் மொழி நம் தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழிக்கு இலக்கணம் எழுதியவர்களுள் கோஸ்னர் மிஷனரியாகிய ஹான் என்பவரும் ஒருவர். அங்கும் யுத்தம் வந்தது. அங்கும் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். ஆங்கிலிக்கன் அத்தியட்சராகிய வெஸ்ட்காட்டின் மேற்பார்வையில் சபை சிறிது காலம் இருந்தது. பின்னர், 1919 ஜூலை 10-ஆம் தேதி, அம்மலைநாட்டுக் கிறிஸ்தவர்கள் தங்கள் சபை சுயாட்சி உடையது என்று அறிவித்தார்கள். தமிழ்ச் சபை பிறந்து ஆறு மாதம் நிறைவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அவர்களுடைய சபை பிறந்தது.

இவ்விரண்டையும் ஒப்பிடுகையில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நமக்கு ஸ்வீடியர் துணையிருந்தது. 1921-இல் அபிஷேகம் பெற்ற நம் முதல் அத்தியட்சர் ஹூமன் அவர்களும், அவருக்குப் பின் வந்த பெக்செல், சான்டகிரென் இருவரும் ஸ்வீடியர்களே. தரங்கம்பாடி அத்தியட்சர் என்ற ஆசனத்தில் தமிழரான ராஜா மாணிக்கம் அமர்வதற்கு 1956 வரை காத்திருந்தோம். கல்வியிலும் செல்வத்திலும் நம்மைவிட மிகவும் பின்தங்கியிருந்ததாகக் கருதப்பட்ட ஆதிவாசி ஜனங்களோ, தம் சபையின் நிருவாகத்தை அன்றே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். துணை குறைந்த இடத்தில் துணிவு மிகுந்திருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. 1926-இல் இந்திய லுத்தரன் சபைகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன; இன்று அதன் பெயர் இந்திய ஐக்கிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. தரங்கம்பாடிச் சபையும், ராஞ்சிச் சபையும், ஒடிசாவின் மலைப்பகுதியில் உள்ள ஜெய்ப்பூர் சபையும் அதில் உறுப்புகள். அத்தியட்சர்கள் மகாநாடுகளில் சந்திக்கிறார்கள், ஜனங்கள் சந்திக்கவில்லை.

ஆனால் இப்போது சந்திக்கும் இடம் ஒன்று தானாகவே ஏற்பட்டிருக்கிறது. அது திருப்பூர்.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞரும் பெண்களும் பயிற்சி நிலையங்களின் வாயிலாகவும் ஏஜெண்டுகளின் வாயிலாகவும் பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் தறிக் குடோன்களுக்கும் வருகிறார்கள். கோஸ்னர் சபை வேரூன்றிய ராஞ்சி, குந்தி, கும்லா, சிம்டேகா ஆகிய மாவட்டங்களும் ஆட்களை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் மாவட்டங்களே. பக்கத்து மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்களில், ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும், எங்கே கோயில் இருக்கும் என்று ஏங்கும் லுத்தரன் பெண்ணும் ஒருத்தி இருக்கக் கூடும் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? எந்த ஊரிலிருந்து வந்தாலும், எந்தப் பாஷை பேசினாலும், எந்தத் தெய்வத்தை வணங்கினாலும், அவர்களை ஹிந்திக்காரர் என்ற ஒரே சொல்லால் அழைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், வடமாநிலத்தார் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசிகளில் பரவி, அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையத்துக்கு ஓடிய நாட்களில், அது பொய் என்று அவர்கள் பாஷையில், அவர்கள் நம்பத்தக்க ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் பயம் தீர்ந்திருக்கும்! அரசாங்க அதிகாரிகள் ஹிந்தியில் அறிக்கை வெளியிட்டார்கள். ஊர்ச் சபைகள் என்ன செய்தன என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆராதனை விஷயத்தில் பாஷை ஒரு பெருந்தடை என்று சிலர் சொல்லக் கூடும். பிரசங்கத்துக்கு அது தடைதான். ஆனால் லுத்தரன் ஆராதனை முறைமையை அறிந்த ஒருவர், ராஞ்சியிலிருந்து வந்து தமிழ் ஆராதனையில் நின்றாலும், பாவ அறிக்கை எப்போது, விசுவாசப் பிரமாணம் எப்போது, திருவிருந்துக்கு எழும்பும் வேளை எது என்று வரிசையைக் கொண்டே அறிந்துகொள்வார். மெட்டுகளிலும் பல பொதுவானவை. பப்ரீஷியுஸ் ஐயர் முதலியோர் ஜெர்மன் பாட்டுகளை ஞானப்பாட்டுகளாகத் தமிழில் தந்ததைப் போலவே ஹிந்தியிலும் அவை பெயர்ந்திருக்கின்றன. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேறு பாஷையில் அதே பாட்டைப் பாடினால் ஆராதனை குலைந்துவிடாது.

நேரந்தான் உண்மையான தடை. நம் ஆலயங்களில் ஞாயிறு காலை ஆராதனை என்பது மாற்றவொண்ணாத சம்பிரதாயமாக இருக்கிறது. சனி இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வரும் தறித் தொழிலாளி அந்த நேரத்தில் தூங்கினால்தான் மறுநாள் நிற்க முடியும். ஏற்றுமதி ஆர்டர் மிகுந்த காலத்தில் ஞாயிறும் பாதி நாள் வேலை உண்டு. மில் விடுதிப் பெண்களுக்கோ வாரத்தில் வெளியே போகக் கிடைப்பது சில மணி நேரமே, அதுவும் கூட்டமாகக் கடைவீதிக்குப் போய்வரும் அளவுக்குத்தான். இது வெளிமாநிலத்தாரின் பிரச்சினை மட்டுமன்று. தூத்துக்குடி, நெல்லை, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதுவே நிலை. ஆராதனையின் மணியை மாற்ற மனமில்லாத சபை, ஆட்கள் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

ஆராதனைக்கு அப்பால் செய்யவேண்டியவையே அதிகம். ஈ.எஸ்.ஐ. அட்டை தன் பெயரில் இருக்கிறதா, பி.எப். பிடித்தம் கணக்கில் சேர்கிறதா என்று அறியாத தொழிலாளிக்கு, அதைப் பார்த்துச் சொல்ல ஒரு படித்த சபையார் மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்கினால் போதும். விபத்தில் விரல் போனவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்வதை அவனுக்கு விளங்கும்படி சொல்ல ஒருவர் வேண்டும். வேலைக்கு வந்த இடத்தில் ஒருவர் இறந்துவிட்டால், உடலை ராஞ்சிக்கு அனுப்ப ஆகும் செலவைக் கேட்டு உடன் வேலைசெய்வோர் கலங்குகிறார்கள். அனுப்ப வழியில்லாதபோது நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு என்று சேகர கமிட்டி முன்கூட்டியே தீர்மானம் எழுதி வைத்திருந்தால், அந்த வேளையில் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. தறிகள் நிற்கும் வாரங்களில், சபை வேறுபாடோ மத வேறுபாடோ பாராமல், மளிகைக் கடனில் ஒரு பங்கை ஏற்கும் நிதி ஒன்றும் வேண்டும். அதை ஆயர் வைத்திராமல், தறிக்காரரும் தையற்காரரும் சேர்ந்த ஒரு குழு, வரவு செலவை ஆலயக் கதவில் ஒட்டி, நடத்தவேண்டும். ஸ்வார்ட்ஸின் சொல்லைக் குடியானவர் நம்பியது அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு அன்று, கணக்கைப் பார்த்துத்தான்.

இவற்றுக்கு நம்மிடமே இருக்கும் இடையூறுகளை மூடி மறைப்பது நேர்மையாகாது. ஒன்று, வழக்கு. பதவிக்காகவும் சொத்துக்காகவும் நாங்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கும் வரலாறு பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். அதற்குச் செலவான பணத்தையும் மனித சிரத்தையையும் நினைத்தால் நெஞ்சு வேகிறது. மற்றொன்று, அதைவிடப் பழையதும் கொடியதுமான சாதி. தஞ்சை நாட்டில் முதன்முதல் லுத்தரன் சபைகளை உண்டாக்க அரும்பாடுபட்ட ராஜநாயக்கன், பறையர் குலத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால் குருப்பட்டம் பெறவில்லை. 1733-இல் அப்பட்டம் வேளாளரான ஆரோனுக்குக் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சாதிக்கு இடங்கொடுத்ததை எதிர்த்து ஓக்ஸ் ஐயர் அதை விட்டு விலகி மேல்பட்டாம்பாக்கத்தில் வேறு ஊழியம் தொடங்கவேண்டியதாயிற்று. அந்த நோய் இன்னும் முழுதும் தீர்ந்துவிட்டதென்று சபைக் குடும்பங்களின் திருமணப் பேச்சுகளைக் கேட்டவர் எவரும் சொல்லார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவனுக்கு 1950-ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை அட்டவணைச் சாதியாரின் உரிமையை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு அவனுக்கு மட்டும் இன்றளவும் திறக்கவில்லை. வெளியே அரசாங்கத்திடம் அந்த நீதியைக் கேட்கும் நாம், உள்ளே அதைக் கொடுத்திருக்கவேண்டும். ஆதிவாசிச் சகோதரனை வரவேற்கும் தகுதி, அண்டை வீட்டுச் சகோதரனோடு சமமாக உட்காரும் சபைக்கே உண்டு.

விடுதி நடத்தும் முதலாளிகள் மதமாற்றம் என்று சந்தேகப்படமாட்டார்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சந்தேகப்படலாம். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற நம் அங்கத்தினரைச் சந்திக்க, ஆயரும் ஒரு சபைத் தாயாரும் பகல் வேளையில், மேலாளரிடம் முன்கூட்டிச் சொல்லி, திறந்த வாசல் வழியாகப் போய்வந்தால் அந்தச் சந்தேகம் நாளடைவில் தேயும். ஆஸ்பத்திரியிலும் நிதியிலும் யாரையும் மதம் கேளாமல் உதவுகிறவர்கள் என்று ஊர் கண்டுகொண்டால் மேலும் தேயும்.

ஆட்களுக்கும் நாம் அலையவேண்டியதில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியற் கல்லூரியில் தமிழ் மாணவரோடு ராஞ்சி மாணவரும் ஜெய்ப்பூர் மாணவரும் ஒரே பந்தியில் உண்டு படிக்கிறார்கள். ராஞ்சிப் பக்கத்துப் பொதுமொழியாகிய சாத்ரியும் ஹிந்தியும் பேசும் ஒரு மாணவரை, படிப்பின் ஒரு பகுதியாகவே, ஆண்டுக்கு இரண்டு மாதம் திருப்பூர் வட்டாரத்துக்கு அனுப்பும்படி கல்லூரியைக் கேட்கலாம். அவர் தங்க ஓர் அறையையும் மூன்று வேளை சோற்றையும் கோயம்புத்தூர், திருப்பூர் சபைக் குடும்பங்கள் முறை வைத்துக் கொடுக்கலாம்.

ராஞ்சிச் சபையார் ஜூலை 10-ஆம் தேதியைத் தங்கள் சுயாட்சி நாளாக நினைவுகூர்கிறார்கள். வரும் ஜூலையில் அதை அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, இவ்வட்டாரத்து ஆலயம் ஒன்றில், தமிழும் ஹிந்தியும் கலந்த திருவிருந்து ஆராதனை ஒன்றை நடத்துவதென்று அடுத்த சேகரக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவரலாம். அதற்கு வேண்டியவை ஹிந்திப் பாட்டுப் புத்தகங்கள் சில, விடுதி மேலாளர்களுக்கு முறைப்படி எழுதிய ஒரு கடிதம், சாமளாபுரம், சோமனூர், மங்கலம் வழியாகப் போய் ஆட்களை ஏற்றிவந்து இரவு எட்டு மணிக்குள் திரும்ப இறக்கிவிட ஒரு வேன் வாடகை, இவ்வளவே.